மஞ்சூர் தேயிலைத் தொழிற்சாலையில் ஜெனரேட்டர் தொலைக்கண்காணிப்புக் கருவி: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

டீசல் ஜெனரேட்டருக்குத் தொலைக்கண்காணிப்புக் கருவி வாங்குகிறவர்களில் பலர் டீசல் திருட்டைப் பிடிக்கும் எண்ணத்தில்தான் வாங்குகிறார்கள். எங்கள் முதலாளியும் அதற்காகவே வாங்கினார். பதினான்கு மாதங்கள் கழித்து அந்தக் கருவியைப் பற்றி எழுத உட்காரும்போது, அது ஒரு திருடனையும் பிடிக்கவில்லை என்பதையும், ஆனாலும் கொடுத்த பணத்துக்கு நஷ்டமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீலகிரி மாவட்டம் மஞ்சூரை அடுத்த ஒரு சிறு தேயிலைத் தொழிற்சாலையில் மின்பிரிவைக் கவனித்துக்கொள்வது என் வேலை. சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி முறையில் தூள் தயாரிக்கிறோம். பகலில் சிடிசி இயந்திரங்கள், டிரையர், சலிப்பு இயந்திரங்கள் எல்லாம் ஓடும்போது மின்சுமை 70 கிலோவாட்டை ஒட்டி இருக்கும். இரவில் வாட்டும் தொட்டிகளின் மின்விசிறிகளும் விளக்குகளும் மட்டுமே ஓடும். இந்த விசிறிகளை நிறுத்த முடியாது. பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் இலைக்குள் காற்று போய்க்கொண்டே இருந்தால்தான் இலை ஒழுங்காக வாடும். காற்று நின்றால் குவியலுக்குள் சூடேறி இலை சிவந்துவிடும், மறுநாள் தூளின் நிறத்திலேயே அது தெரியும். ஆகவே மின்சாரம் போனால், விசிறி இரண்டே இரண்டு ஓடுவதாக இருந்தாலும், எங்கள் 125 கேவிஏ ஜெனரேட்டர் ஓடியாக வேண்டும்.

மின்சாரம் போவதற்கு இங்கே காரணம் தேட வேண்டியதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்துகொண்டே இருக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். பைக்காராவில் 1932-லேயே நீர்மின் உற்பத்தி தொடங்கிய மாவட்டம் இது, குந்தா நீர்மின் நிலையங்களும் எங்களுக்கு அக்கம்பக்கம்தான். அப்படியிருந்தும் நாங்கள் பீப்பாயில் டீசல் ஏற்றிவந்து எரிக்கிறோம். மின்வாரிய ஊழியர்கள் கொட்டும் மழையில் மரத்தை அறுத்துக் கம்பியை இழுத்துக் கட்டுவதைப் பார்த்தவன் என்பதால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கருவி வாங்கியதற்கு முந்தைய ஆண்டு ஜூலைக் கணக்குதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். அந்த மாதம் ஜெனரேட்டர் 70 மணி நேரம் ஓடி 2050 யூனிட் தந்திருந்தது, செலவான டீசல் 715 லிட்டர். லிட்டருக்கு 2.87 யூனிட். விற்றவர் கொடுத்த விவரத்தாளில் முக்கால் சுமையில் லிட்டருக்கு 3.6 யூனிட் என்று இருந்தது. முதலாளி தாளில் வகுத்துப் பார்த்தார். 2050 யூனிட்டுக்கு 569 லிட்டர் போதுமானால் மீதி 146 லிட்டர் எங்கே போனது என்பது அவருடைய கேள்வி. கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. எங்கள் ஜெனரேட்டர் ஆபரேட்டர் பதினெட்டு வருடங்களாக அந்த அறையிலேயே இருப்பவர், நான் அண்ணா என்று அழைக்கும் மனிதர். அவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். “நான் குடிக்கல சார், இன்ஜின்தான் குடிக்குது.” அதை அப்போது யாரும் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிடம் கருவியை வாங்கினோம். பெயர் வேண்டாம், பின்னால் சில குறைகளைச் சொல்லப் போகிறேன். கருவி, டீசல் தொட்டிக்குள் இறக்கும் சென்சார், மூன்று ஃபேஸ்களிலும் மாட்டும் சிடி (மின்னோட்டத்தை அளக்கும் வளையம்), பொருத்துக்கூலி எல்லாம் சேர்த்து வரி நீங்கலாக 42,000 ரூபாய், ஆண்டுச் சந்தா 7,200 ரூபாய். எங்கள் பேனலில் இருந்த கன்ட்ரோலரில் தகவலை வெளியே அனுப்பும் ஆர்எஸ்-485 இணைப்பு ஏற்கெனவே இருந்ததால் ஆயில் அழுத்தம், கூலன்ட் வெப்பம், ஓடிய மணிநேரம், பேட்டரி வோல்டேஜ் ஆகியவை மாட்பஸ் என்ற தகவல் பரிமாற்ற முறை வழியாக நேரடியாகக் கருவிக்கு வந்துவிட்டன. பழைய பேனல் வைத்திருப்பவர்கள் இதற்கெல்லாம் தனித்தனி சென்சார் போட வேண்டியிருக்கும், செலவும் கூடும். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிபிசிபி-4 பிளஸ் மாசு விதிகளுக்குப் பிறகு வரும் புதிய ஜெனரேட்டர்கள் பலவற்றின் இன்ஜின்களில் மின்னணுக் கட்டுப்பாடு உள்ளேயே இருப்பதால் அவற்றை வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

பொருத்திய முதல் இரண்டு வாரங்கள் எங்களுக்கு நல்ல வாரங்களாக அமையவில்லை. கைப்பேசியில் கருவி காட்டிய கணக்குப்படி பகல் நேரத்தில்கூட லிட்டருக்கு 1.2 யூனிட்தான் வந்தது. முதலாளியின் சந்தேகம் உறுதியாகிவிட்டது போலிருந்தது, ஆபரேட்டர் அண்ணாவின் முகம் கறுத்துப்போனது. எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. ஒருநாள் மதியம் மின்சாரம் போன நேரத்தில் பேனல் மீட்டரின் முன்னால் நின்று பார்த்தேன். பேனல் 69 கிலோவாட் என்றது, கைப்பேசி 23 என்றது. மிகச் சரியாக மூன்றில் ஒரு பங்கு. மூன்று சிடிக்களில் ஒன்றைத் திசை மாற்றி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு ஃபேஸ்கள் கூட்டிக் காட்டுவதை மூன்றாவது கழித்துக்கொண்டிருந்தது. சிடியின் மேல் ஒரு சிறு அம்புக்குறி இருக்கிறது, அது சுமையைப் பார்த்து இருக்க வேண்டும். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு அதைக் கழற்றித் திருப்பி மாட்ட எனக்கு நான்கு நிமிடம் ஆனது. கருவி வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும், பொருத்த வந்தவர் கிளம்புவதற்கு முன் அவரை அருகில் வைத்துக்கொண்டே பேனல் மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒரு சோதனையை நிறுவனம் தானாகச் செய்யாதது மன்னிக்கத் தகுந்த தவறு என்று நான் நினைக்கவில்லை. ஒரு மனிதரின் பெயர் அதில் சிக்கியிருந்தது.

டீசல் சென்சாரைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தொட்டிக்குள் எண்ணெய் நிற்கும் உயரத்தைத்தான் அது அளக்கிறது, லிட்டரை அளப்பதில்லை. எங்கள் தொட்டி ஜெனரேட்டரின் அடிச்சட்டத்துக்குள்ளேயே அமைந்தது. அடிப்பகுதியில் குறுக்குத் தகடுகளும் ஒரு பள்ளமும் இருப்பதால் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது கீழே ஓர் அளவாகவும் மேலே வேறோர் அளவாகவும் இருக்கும். தொட்டியைக் காலி செய்து, பத்து லிட்டர் கேனால் ஒவ்வொன்றாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளவைப் பதிவு செய்தால்தான் கணக்கு ஒத்துவரும். இதை நிறுவனத்தின் ஆள் பொறுமையாகச் செய்தார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

அப்படியும் திருட்டு எச்சரிக்கை வந்தது. இன்ஜின் நின்ற நேரத்து அளவையும் அடுத்த முறை ஓடத் தொடங்கும் நேரத்து அளவையும் ஒப்பிட்டு, மூன்று லிட்டருக்கு மேல் குறைந்தால் எச்சரிக்கை அனுப்பும்படி கருவியை அமைத்திருந்தார்கள். மாலை ஓடி நின்று, விடியற்காலையில் மறுபடி ஓடத் தொடங்கிய நாட்களிலெல்லாம் கைப்பேசி ‘டீசல் குறைவு’ என்று அலறியது. காரணம் எளிது. இன்ஜினுக்குப் போகும் டீசல் முழுவதும் எரிவதில்லை, ஒரு பகுதி சூடாகித் தொட்டிக்குத் திரும்பி வருகிறது. நான்கைந்து மணி நேரம் ஓடியபின் தொட்டியைக் கையால் தொட்டாலே வெதுவெதுப்பு தெரியும், 35 டிகிரி இருக்கும். விடியற்காலையில் அதே தொட்டி 10 டிகிரிக்கு இறங்கியிருக்கும். ஒரு டிகிரி மாற்றத்துக்கு டீசலின் கனஅளவு ஆயிரத்தில் 0.8 பங்குக்குச் சற்று மேல் மாறும். 200 லிட்டருக்கு 25 டிகிரி என்றால் நான்கு லிட்டர். யாரும் எடுக்காமலே நான்கு லிட்டர் சுருங்கிவிடுகிறது. சமவெளியில் இரவுக்கும் பகலுக்கும் இந்த அளவு வேறுபாடு இல்லாததால் நிறுவனத்துக்கு இது தட்டுப்படவே இல்லை போலும். வெப்பநிலையைக் கணக்கில் எடுக்கும்படி மென்பொருளை மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டோம், எச்சரிக்கை வரம்பை ஆறு லிட்டராக உயர்த்திக் கொடுத்தார்கள். அது தீர்வாகாது, இருந்தாலும் விடியற்கால அலறல் நின்றது.

இனி, கருவியின் உண்மையான பயன். இது என்னவென்று விற்பனைக்கு வந்தவர் சொல்லவே இல்லை. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எத்தனை யூனிட் உற்பத்தி, எத்தனை லிட்டர் செலவு என்று தனித்தனியாக அது பதிந்துவைக்கிறது. ஜூலை மாதத்துப் பதிவுகளைக் கணினியில் விரித்துப் பார்த்தபோது, நான் பார்த்தது ஒரு ஜெனரேட்டரின் கணக்கைப்போலவே இல்லை, இரண்டு ஜெனரேட்டர்களின் கணக்கைப்போல இருந்தது. பகலில் 70 கிலோவாட் சுமையில் மணிக்கு 20 லிட்டர், லிட்டருக்கு 3.5 யூனிட். விவரத்தாள் சொன்னதற்கு மிக அருகில். இரவில் 13 கிலோவாட் சுமையில் மணிக்கு 6.3 லிட்டர், லிட்டருக்கு 2.06 யூனிட். முந்தைய ஆண்டு ஜூலையின் லாக் புக்கை எடுத்து, இரவு ஓடிய 50 மணி நேரத்தையும் பகலில் ஓடிய 20 மணி நேரத்தையும் இந்த விகிதத்தில் பெருக்கினேன். 315 லிட்டரும் 400 லிட்டரும் சேர்ந்து 715. காணாமல்போன 146 லிட்டர் அங்கேயேதான் இருந்தது. மாதக் கணக்கின் சராசரியில் ஆபரேட்டர் குற்றவாளியாகத் தெரிந்தார், மணிக் கணக்கில் பார்த்தால் இன்ஜினின் அளவே குற்றவாளி.

டீசல் இன்ஜின் சுமையே இல்லாமல் சும்மா சுற்றுவதற்கும் ஓர் அடிப்படைச் செலவு உண்டு. உராய்வு, ரேடியேட்டர் விசிறி, பம்புகள் எல்லாவற்றுக்கும் அது டீசல் கொடுத்தாக வேண்டும். எங்கள் இன்ஜினில் இந்த அடிப்படைச் செலவே மணிக்கு மூன்று லிட்டருக்குச் சற்று மேல் இருக்கிறது. சுமை 70 கிலோவாட்டாக இருக்கும்போது அந்த மூன்று லிட்டர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சுமை 13 கிலோவாட்டாகச் சுருங்கும்போது செலவில் பாதியை அதுவே விழுங்குகிறது. டீசல் லிட்டருக்கு 90 ரூபாய்க்கு மேல் விற்கும் காலத்தில் பகல் யூனிட் 26, 27 ரூபாய் ஆகிறது என்றால், இரவு யூனிட் 45 ரூபாயைத் தொடுகிறது. கல்யாண வீட்டு அண்டாவில் ஒரு டம்ளர் பால் காய்ச்சுவதற்கு ஒப்பான வேலை இது.

அண்டா இத்தனை பெரிதாக இருப்பதற்கு மலையும் ஒரு காரணம். 2000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் அதே அளவு காற்றை இழுத்தாலும் அதில் உள்ள ஆக்சிஜன் குறைவு என்பதால், தாளில் 100 கிலோவாட் என்று போட்டிருக்கும் ஜெனரேட்டரை இங்கே முழுச் சுமைக்கு நம்ப முடியாது. டர்போ உள்ள இன்ஜின் ஓரளவு ஈடுகொடுக்கும், டர்போ இல்லாதது நன்றாகவே தளரும். இதற்குப் பயந்து மலையில் எல்லோரும் ஓர் அளவு பெரிதாக வாங்கிவிடுகிறோம். பகலுக்கு அது சரி. இரவில் அதுவே வினையாகிறது.

குறைந்த சுமையில் நீண்ட நேரம் ஓடும் இன்ஜினுக்குள் போதுமான சூடு ஏறாது. எரியாத டீசலும் கரியும் ஈரப்பிசுக்காகப் புகைக்குழாயில் படியும். எங்கள் சைலன்சர் இணைப்பில் கறுப்பாக எண்ணெய் போல ஏதோ ஒழுகிக்கொண்டிருந்ததை ஆபரேட்டர் அண்ணா பல வருடங்களாகக் கந்தல் துணியால் துடைத்துக்கொண்டுதான் இருந்தார். கேஸ்கெட்டை இருமுறை மாற்றியிருந்தோம், நிற்கவில்லை. கருவியின் வரைபடத்தைப் பார்த்த பிறகு அந்தக் கறுப்புத் துணியையும் நான் வேறுவிதமாகப் பார்க்கத் தொடங்கினேன். இன்ஜின்தான் குடிக்கிறது என்று அவர் சொன்னது உவமை இல்லை, தினமும் கையால் துடைத்த ஒன்றைப் பற்றிய செய்தி.

அக்டோபரில், முதலாளியின் உறவினர் வீட்டு பங்களாவில் சும்மா கிடந்த 25 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி, பழுதுபார்த்து, சுமையை ஒரு ஜெனரேட்டரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சுடன் இரவுச் சுமைக்கென்று பொருத்தினோம். எல்லாம் சேர்த்து 1.25 லட்சம் ரூபாய் ஆனது. முதல் இரவு அது திணறியது. 7.5 ஹெச்பி விசிறி மோட்டார் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் நொடியில் இயல்பான மின்னோட்டத்தைப்போல ஆறு மடங்கு, 60 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிறு ஜெனரேட்டரின் மொத்தத் திறனே 35 ஆம்பியர் அளவுதான். விளக்குகள் மங்கி, காண்டாக்டர் படபடத்து விழுந்தது. இரண்டு விசிறிகளுக்கும், கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தைக் குறைக்கும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டு, ஒன்று வேகம் பிடித்த பிறகே மற்றொன்றைப் போடுவது என்று வழக்கப்படுத்திய பிறகு சிக்கல் இல்லை. கண்காணிப்புக் கருவியின் இரண்டாவது இணைப்பை இதற்கும் வாங்கினோம். இரவில் இப்போது மணிக்கு 4.2 லிட்டர், லிட்டருக்கு 3.1 யூனிட். அக்டோபரிலிருந்து இன்றுவரை இது 260 மணி நேரம் ஓடியிருக்கிறது. மிச்சம் ஏறத்தாழ 550 லிட்டர், ரூபாயில் 50,000 அளவில். புதிய ஜெனரேட்டர் வாங்கியிருந்தால் இந்த மிச்சத்தைக் கொண்டு முதலை எடுக்கப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பழையது மலிவாகக் கிடைத்ததால்தான் கணக்கு நேராயிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை.

லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று பார்க்கும் இந்தப் பழக்கம் நம்மிடையே புதிதாகத் தோன்றினாலும், மின்கம்பி போய்ச் சேராத ஊர்களில் இது அன்றாடக் கணக்கு. அலாஸ்காவில் சாலைத் தொடர்பே இல்லாத கிராமங்கள் பலவற்றுக்கு டீசல் ஜெனரேட்டர்தான் ஊர் மின்நிலையம். பல ஊர்களுக்கு ஆண்டுக்கான டீசல், பனி உருகிய கோடையில் படகில் வந்து இறங்குகிறது. குளிர்காலத்தின் நடுவில் டீசல் தீர்ந்தால் விமானத்தில்தான் கொண்டுவர வேண்டும். அங்கே ஒரு கேலன் டீசலுக்கு எத்தனை யூனிட் என்று கணக்கு வைப்பதும், தொலைவிலிருந்து இன்ஜினைக் கண்காணிப்பதும், வெவ்வேறு அளவில் சில ஜெனரேட்டர்களை வைத்துச் சுமைக்கேற்ப மாற்றி ஓட்டுவதும் பிழைப்புக்கான வழிகள். நம் நாட்டில் இந்தக் கருவிகளைப் பரவலாக்கியவை கைப்பேசிக் கோபுர நிறுவனங்கள். அவற்றின் கவலை பெரும்பாலும் திருட்டு. விற்பனையாளர்கள் இன்றும் அந்தப் பேச்சையே பேசுவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

கோபுரம் என்றதும் நினைவுக்கு வரும் குறை ஒன்று. கருவி 4ஜி சிம் வழியாகத் தகவல் அனுப்புகிறது. எங்கள் ஜெனரேட்டர் அறை சரிவுக்குக் கீழே, தகரக் கூரையோடு இருப்பதால் உள்ளே சிக்னல் இல்லை. வெளி ஆன்டெனாவை ஐந்து மீட்டர் கம்பியோடு கூரைக்கு மேல் ஏற்றிய பிறகு கிடைத்தது. ஆனால் மின்தடை நான்கைந்து மணி நேரத்தைத் தாண்டினால் அக்கம்பக்கத்துக் கோபுரமே பேட்டரி தீர்ந்து படுத்துவிடுகிறது. ஜெனரேட்டர் மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் கைப்பேசியில் ‘தொடர்பு இல்லை’ என்று வரும். நல்ல வேளையாக, கருவி தகவல்களைத் தன்னுள் சேர்த்துவைத்து, சிக்னல் திரும்பியதும் மொத்தமாக அனுப்புகிறது. அதனால் கணக்கில் ஓட்டை விழுவதில்லை. குன்னூரிலோ கோயம்புத்தூரிலோ உட்கார்ந்துகொண்டு நள்ளிரவில் நேரலையாகப் பார்க்கலாம் என்று நம்பி வாங்குகிற முதலாளிகளுக்கு மட்டும் ஏமாற்றம் காத்திருக்கிறது.

பேட்டரி எச்சரிக்கை எங்களை ஒருமுறை காப்பாற்றியது. ஜனவரி உறைபனிக் காலையில் 11.6 வோல்ட் என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தால் சார்ஜரின் ஃபியூஸ் போயிருந்தது. அன்று மின்சாரம் போயிருந்தால் ஜெனரேட்டர் முக்கியிருக்குமே தவிரக் கிளம்பியிருக்காது. அதே சமயம், அந்தப் பேட்டரியை இறக்கியதில் கருவிக்கும் பங்கு உண்டு என்பதை அளந்து பார்த்தபோது கண்டேன். இரவும் பகலும் 100 மில்லி ஆம்பியர் அது இழுக்கிறது. முப்பது நாளில் 72 ஆம்பியர்-மணி. சார்ஜர் ஒழுங்காக இருக்கும்வரை இது ஒரு பொருட்டே இல்லை. மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் விடுதிகளிலும் பங்களாக்களிலும் சார்ஜர் இல்லாமல் இதை மாட்டினால் காவல்காரனே களஞ்சியத்தைத் தின்றுவிடுவான்.

கைப்பேசியிலிருந்தே ஜெனரேட்டரை ஓடவும் நிற்கவும் செய்யலாம் என்று விற்பனையாளர் மிகப் பெருமையாகக் காட்டினார். அந்த இணைப்பை நான் போட விடவில்லை. ஃபேன் பெல்ட்டில் ஆபரேட்டர் கை வைத்திருக்கும் நேரத்தில் எங்கேயோ இருக்கும் ஒருவர் பொத்தானை அழுத்த வழியிருக்கக் கூடாது.

செயலியில் ஆங்கிலம் மட்டுமே இருக்கிறது, தமிழ் இல்லை. ஜெனரேட்டரோடு இருப்பவருக்குப் படிக்கத் தெரியாத மொழியில் ஜெனரேட்டரைப் பற்றிய செய்தி வருகிறது. நாங்கள் அறையில் ஒரு கரும்பலகை மாட்டி, இரண்டு ஜெனரேட்டர்களுக்கும் முந்தைய நாளின் லிட்டருக்கான யூனிட்டை எழுதிவைக்கிறோம். சேவையைப் பொறுத்தவரை தொலைபேசியில் உடனே எடுக்கிறார்கள், நேரில் வருவதற்குத்தான் நாளாகிறது. காரமடையிலிருந்து கெத்தை வழியாக 43 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வருவதற்கு யாருக்கும் மனம் வராது என்பது புரிகிறது. ஆனால் அதற்கென்று ஒவ்வொரு வருகைக்கும் 2,500 ரூபாய் ‘மலைக் கட்டணம்’ வாங்கப்படும் என்பதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்.

ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்கும் குறைவாக ஜெனரேட்டர் ஓட்டுபவர்களுக்கு இந்தக் கருவி தேவையில்லை. பேனலில் ஒழுங்கான யூனிட் மீட்டர், தொட்டிக்கு ஓர் அளவுகோல், இரவுக்கும் பகலுக்கும் தனித்தனிப் பத்தி போட்ட லாக் புக், இவை இருந்தாலே நாங்கள் கண்டறிந்ததில் முக்கால் பங்கை அவர்களும் கண்டறியலாம். எங்கள் லாக் புக்கில் அப்படி ஒரு பத்தி இருந்திருந்தால் 42,000 ரூபாய் மிச்சம். முந்நூறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுகிற, பகலுக்கும் இரவுக்கும் சுமையில் பெரிய வேறுபாடு உள்ள தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் விடுதிகளும் தயங்காமல் வாங்கலாம். டீசல் சென்சாரோடு வாங்க வேண்டும், அது இல்லாத மலிவான மாதிரி வெறும் மணிக்கணக்கு மட்டுமே காட்டும்.

சந்தா முடிந்து இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பித்தபோது மலைக் கட்டணத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார்கள். தமிழில் ஒரு தினசரிக் குறுஞ்செய்தி மட்டுமாவது அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை. இன்று காலை கரும்பலகையில் பெரிய ஜெனரேட்டருக்கு 3.4 என்றும் சிறியதற்கு 3.1 என்றும் ஆபரேட்டர் அண்ணா தம் கையால் எழுதியிருந்தார். சைலன்சர் இணைப்பைத் துடைக்கும் துணி ஜன்னல் கம்பியில் காய்ந்துபோய்த் தொங்குகிறது.